மார்கழி வாழை: பூதப்பாண்டியிலிருந்து கீரிப்பாறை வரை

பூதப்பாண்டியைத் தாண்டித் தெரிசனங்கோப்பு போகும் சாலையில், காலை ஆறரை மணிக்கு வண்டியை ஓரங்கட்டினேன். தாடகை மலை இடுப்புக்கு மேலே தெரியவில்லை. மஞ்சு மூடிக் கிடந்தது. சாலைக்கு இடப்பக்கம் கும்பப்பூ நெல் பால் பிடித்து நின்றது. வலப்பக்கம் வயலாக இருந்த இடத்தில் இப்போது வாழை. வரிசைக்கு வரிசை இடுப்பளவு ஓடை வெட்டி, மண்ணை மேடாக்கி நட்டிருந்தார்கள். நாஞ்சில் நாட்டில் மார்கழிக் குளிர் என்றால் ஊட்டிக்காரர்கள் சிரிப்பார்கள். நாகர்கோவில் சமவெளியில் விடியற்காலையில்கூட 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். மனிதர்களுக்கு ஒரு துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டால் போதும். ஆனால் வாழைக்கு இந்த அளவே தெரிகிறது. எந்த வாழைக்கு எவ்வளவு தெரிகிறது என்று பார்க்கத்தான் இந்தக் காலையில் கிளம்பியிருந்தேன்.

வயலுக்குச் சொந்தக்காரர் எழுபதை எட்டியவர். கையில் ஒரு சிறிய அரிவாள். புரட்டாசிக் கடைசியில் நட்ட ஏத்தன் ஒவ்வொன்றும் நெஞ்சளவுக்கு வந்திருந்தது. வெளியூரில் நேந்திரன் என்பதை இங்கே யாரும் ஏத்தன் என்றுதான் சொல்வார்கள். அவர் ஒரு மூட்டின் நடுக்குருத்தைக் காட்டினார். சுருட்டி வைத்த பாய் மாதிரி செங்குத்தாக நின்றது. அதன் அடியில் பழைய இலையின் காம்பில் சுண்ணாம்பால் ஒரு கோடு.

“இது போன செவ்வாக்கெழமெ வச்ச அடையாளம். சித்திரையில எண்ணி ஏழாம் நாளு குருத்து விரிஞ்சிரும். இப்பம் பாருங்கோ, பத்து நாளாவப் போவுது. இன்னும் பாதி சுருட்டுதான். மார்கழி பொறந்தா இவன் மடிபிடிச்சுக்கிடுவான், அதாக்கும் காரியம்.”

“அப்போ ஓணத்துக்குப் பிந்திப்போகாதா அண்ணாச்சி?”

“அதக் கணக்குப் பாத்துல்லா நடுகது. மார்கழியும் தையும் மடியன் மாசம்னு வச்சுத்தான் புரட்டாசியில போடுகோம்.”

குமரி மாவட்டத்து ஏத்தனின் பெரிய சந்தை கேரளம். அங்கே பெரிய விற்பனை ஓணம். ஆவணியில் குலை வெட்ட வேண்டுமென்றால் பத்து, பதினொரு மாதம் பின்னால் எண்ணி நட வேண்டும். அப்படி எண்ணினால் இலை விடும் பருவத்தில் மார்கழி வந்து விழும். அதில் பெரிய நஷ்டமில்லை. இரண்டு மூன்று இலை பிந்தும், அவ்வளவுதான். பூ உருவாகும் வேளையிலோ குலை தள்ளும் வேளையிலோ குளிர் வந்து விழுந்தால்தான் தொந்தரவு.

இதற்குக் காரணம் வாழையின் உடம்பிலேயே இருக்கிறது. நாம் தடி என்று கட்டிப்பிடிக்கிற பகுதி இலைமட்டைகள் ஒன்றுக்குள் ஒன்றாகச் சுற்றியது. உயிர்முனை கிழங்கின் நடுவில், ஏறக்குறைய மண்மட்டத்தில் கிடக்கிறது. அது இலையாக விட்டுக்கொண்டே வந்து, ஒரு நாள் இலையை நிறுத்திப் பூவாக மாறுகிறது. அந்தப் பூ மட்டைகளுக்கு நடுவே ஏறி, உச்சியில் வந்து கூம்பாகத் தலை நீட்ட வேண்டும். வெப்பம் 14 டிகிரிக்குக் கீழே போனால் வாழையின் வளர்ச்சி ஏறக்குறைய நின்றுவிடும். பீகார் பக்கம் சனவரிக் குளிரில் குலை தள்ளுகிற வாழைகள் சிலவற்றில் கூம்பு தொண்டையிலேயே சிக்கிக்கொள்ளும்; காம்பு நீளாமல், காய் பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக நெரிந்து நிற்கும். ஆஸ்திரேலியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் அவர்களுடைய குளிர்காலத்தில் உள்ளே உருவான பூ, நவம்பரில் கோணலும் மாணலுமான குலையாக வெளியே வரும். அங்குள்ள விவசாயிகள் அதற்கு ‘நவம்பர் கழிவு’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். நாஞ்சில் நாட்டுக் குளிர் அந்த அளவுக்குப் போவதில்லை. இங்கே அது வாழையை மெதுவாக்குகிறது, காயைப் பிதுக்குவதில்லை.

அதே வயலின் கடைசி நாலு வரிசை சித்திரையில் நட்டது. குலை தள்ளி இரண்டு மாதமாகிறது. காய் விரலின் விளிம்பு இன்னும் கூராக இருந்தது. முற்றினால் அந்த விளிம்பு உருண்டுவிடும். கோடையில் மூன்று மாதத்தில் நிறைகிற காய் இப்போது அதற்கு மேலும் கேட்கும். அதைவிட அவருக்குக் கவலை, இலையில். அடி இலைகளில் துருப்பிடித்த மாதிரி நீளநீளமாகப் புள்ளி. இலைப்புள்ளி நோய்க்கு மழை ஈரமும் மார்கழிப் பனியும் நல்ல சாப்பாடு. பனித்துளி இலையின் நடுநரம்பில் சேர்ந்து வழிந்து கழுத்துக்குள் இறங்குவதை அந்த நேரத்தில் நின்றால் கண்ணாலேயே பார்க்கலாம். விரலை வைத்தால் சில்லென்றது. பூக்கும்போது நல்ல இலை எட்டாவது இருந்தால்தான் காய் தேறும். அவர் பேசிக்கொண்டே புள்ளி விழுந்த அடி இலைகளை அரிந்து, கட்டாக்கி, வயலுக்கு வெளியே கொண்டு போட்டார். ஓடையில் தண்ணீர் நிற்கிறதா என்று குனிந்து பார்த்தார். 2021 நவம்பரில் பெய்த மழையில் இந்தப் பகுதியில் பல வயல்களில் தண்ணீர் வடிய நாளாயிற்று. வேர் அழுகிய வாழை, தண்ணீர் வடிந்த பிறகுதான் மஞ்சளிக்கத் தொடங்கும். குளிரில் போனதாகச் சொல்லப்படும் வாழை பலவும் இப்படி வேரில் போனதுதான் என்பது என் எண்ணம்.

அழகியபாண்டியபுரம் தாண்டியதும் வயல் முடிந்து விளை, அதாவது மேட்டுத் தோட்டம், தொடங்குகிறது. மண் சிவக்கிறது. தென்னைக்கும் பலாவுக்கும் நடுவே செவ்வாழை. பழைய ஆட்கள் செந்துளுவன் என்பார்கள். தண்டே கருஞ்சிவப்பு; இலையின் நடுநரம்புகூட ரோஸ் நிறம். ஆளைவிட இரண்டு மடங்கு உயரம். இதுதான் இந்த மாவட்டத்தில் பொறுமையைச் சோதிக்கிற வாழை. ஏத்தன் பதினோரு மாதத்தில் கணக்கை முடித்துக்கொள்ளும். செவ்வாழை ஒன்றரை வருஷம் வரை இழுக்கும். ஆகவே எந்த மாதத்தில் நட்டாலும் அது ஒரு மார்கழியையும், தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டையும் பார்க்காமல் போகாது. சிலது இரண்டு மார்கழி பார்க்கும். ஒரு குலைக்கு வருகிற விலை இந்தக் காத்திருப்புக்கான கூலி.

குளிரைப் பற்றிக் கேட்டால் இந்தச் செவ்வாழை விளையின் சொந்தக்காரர் கையை வீசிவிட்டார். அவர் காட்டியது முட்டுக்கம்புகளை. ஒவ்வொரு குலை வாழைக்கும் இரண்டு சவுக்குக் கம்பு, மேலே கத்தரி போல் பின்னிக் கழுத்துக்குக் கீழே தாங்கி நின்றன. குலை சாய்கிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக, நைலான் கயிற்றால் பக்கத்துத் தென்னையில் ஒரு கட்டு. கயிறு தண்டை அறுக்காமலிருக்க வாழைச் சருகை நாலாக மடித்து நடுவில் வைத்திருந்தார். ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக அடிக்கிற காற்று எவ்வளவு வேகமென்பதை முப்பந்தல் காற்றாலைகளைப் பார்த்தால் தெரியும். அது தெரிந்த காற்று. மாதம் சொல்லி வரும். 2017 நவம்பர் 30-ஆம் தேதி வந்தது அப்படியில்லை. ஒக்கிப் புயல் கடலில் மீனவர்களைக் கொண்டுபோன அதே நாளில், கரையில் ரப்பரையும் வாழையையும் வரிசை வரிசையாகப் படுக்க வைத்தது.

“அண்ணைக்கு எல்லாம் ஒண்ணுபோல விழல்ல, கேட்டியளா. செலது நடுவுல ஒடிஞ்சுது. செலது மூட்டோட பேந்துட்டு. ஒடிஞ்சதுல எனக்குக் கொலெ போச்சு, வாழெ போவல்ல. மேலெ வெட்டி விட்டேன். கெழங்கு மண்ணுல இருந்துதுல்லா, பக்கக் கன்னு பிடிச்சுக்கிட்டு. மூட்டோட பேந்தது அதோட தீந்துது.”

குளிர்தேசத்தில் வாழை வளர்க்கிறவர்கள் செய்வதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை என்று அப்போது அவரிடம் சொன்னேன். என் உறவுக்காரர் ஒருவர் இங்கிலாந்தில், பர்மிங்காம் பக்கம் இருக்கிறார். வீட்டுக்குப் பின்னால் நாலு வாழை வைத்திருக்கிறார். பழத்துக்காக இல்லை, பச்சை இலையில் ஒரு நாளாவது சோறு தின்ன வேண்டுமாம். அக்டோபர் கடைசியில் முதல் உறைபனிக்கு முன்னால் இலைகளையெல்லாம் கழித்துவிட்டு, தண்டைச் சுற்றி வைக்கோல் அடைத்து, மேலே மழை இறங்காமல் மூடி போட்டுக் கட்டிவிடுவார். குளிரைவிட, குளிரில் கழுத்துக்குள் நிற்கிற தண்ணீர்தான் அங்கே வாழையை அழுகவைக்கிறது. வசந்தத்தில் பிரித்துப் பார்ப்பார். தண்டு சில வருஷம் தப்பும், சில வருஷம் களியாகிக் கிடக்கும். களியானாலும் கிழங்கு உயிரோடு இருந்தால் மே மாதத்தில் கன்று எட்டிப்பார்க்கும்.

அவர் வைத்திருப்பது நம்மூர் இனம் அல்ல, ஜப்பானிய நார்வாழை. பதினேழாம் நூற்றாண்டில் கவிஞர் பாஷோவின் குடிலுக்கு முன்னால் நின்றதும் இந்த வகைதான். அதன் காய் தின்ன உதவாது, ஆனால் மேலே மண்ணும் சருகும் மூடியிருந்தால் கிழங்கு உறைபனியைத் தாங்கும். ஏத்தனோ செவ்வாழையோ அதைத் தாங்காது. டொராண்டோவில் ஈழத்தமிழர் வீடுகளில் கதலியும் இதரையும் தொட்டியில்தான் வளரும். குளிர் தொடங்கினால் வீட்டுக்குள் வந்துவிடும். சிலர் கிழங்கோடு தோண்டி, இலையைக் கழித்து, நிலவறையில் சாய்த்து வைத்து, ஐந்து மாதம் தண்ணீரே காட்டாமல் விடுவார்கள்.

விளைக்காரர் இதைக் கேட்டு ஆச்சரியப்படவில்லை. பக்கத்திலிருந்த ஓலைச் சாய்ப்புக்குக் கூட்டிக்கொண்டு போனார். உள்ளே நிழலில் இருபது, இருபத்தைந்து ஏத்தங்கன்றுகள். வேரெல்லாம் சீவி, தலையை ஒரு முழம் விட்டு வெட்டி, கிழங்கு முழுக்கச் சாணியும் சாம்பலும் கரைத்துப் பூசி, மூன்று நாலு நாள் வெயிலில் காய வைத்து எடுத்து அடுக்கியிருந்தார். கிழங்கைத் தட்டினால் தேங்காய் மூடியைத் தட்டுகிற சத்தம். இப்படி வைத்தால் பதினைந்து நாள்வரை மண்ணில்லாமல் கிடக்கும், பூச்சியும் அண்டாது. கிழங்கில் சேர்ந்திருக்கிற மாவுதான் அதன் கட்டுச்சோறு. டொராண்டோ நிலவறையில் அதே கட்டுச்சோற்றைக் குளிர் சிக்கனமாகச் செலவழிக்கிறது. அதனால் ஐந்து மாதம் போகிறது. தேர்ந்தெடுப்பதில் மட்டும் இங்கே கறார் உண்டு. இலை ஈட்டி மாதிரி ஒடுங்கியிருக்கிற கன்றுதான் வேண்டும். சின்னதிலேயே அகலமாக இலை விரிக்கிறது தண்ணீர்க்கன்று. அதற்குக் கிழங்கில் சரக்கு இருக்காது. வெளிநாட்டில் குளிர் தாண்ட வைப்பவர்களும் பெரிய கிழங்கையே நம்ப வேண்டும். நுனிவிரல் தண்டி கன்று எந்த நிலவறையிலும் தப்பாது.

தடிக்காரன்கோணத்தில் தேநீர் குடித்துவிட்டு மேலே ஏறினேன். குளிர் இங்கே கொஞ்சம் கூடுதல். ரப்பர் மறுநடவு செய்த சரிவுகளில், ரப்பர் நிழல் கட்டும்வரை இரண்டு மூன்று வருஷத்துக்கு வாழையையும் அன்னாசியையும் ஊடே போடுவார்கள். அந்த ஊடுபயிரில்தான் மட்டியைப் பார்க்கலாம்.

மட்டி குமரி மாவட்டத்தின் பிள்ளை. 2023-இல் ‘கன்னியாகுமரி மட்டி வாழை’ என்று புவிசார் குறியீடு வாங்கிவிட்டது. இந்த மாவட்டத்தை விட்டு வெளியே கொண்டுபோய் நட்டால் காய்க்கும். ஆனால் அந்த மணமும் இனிப்பும் வருவதில்லை என்று சொல்லாத விவசாயி இங்கே இல்லை. குலையை முதன்முதலாகப் பார்க்கிறவர் நோய் என்று நினைத்துவிடுவார். மற்ற வாழைகளில் சீப்புகள் அடுக்காக நிற்கும். மட்டியில் விரல்கள் ஒவ்வொன்றும் ஒரு திசையில், காற்றில் கலைந்த தலைமுடி போல் பிரிந்து நிற்கும். விரல் சின்னது, நுனி மூக்கு வைத்தது, தோல் மெல்லிசு. தேன்மட்டி, நெய்மட்டி, கல்மட்டி, செம்மட்டி, சுந்தரி மட்டி என்று உட்பிரிவுகள் உண்டு. இதில் சுந்தரி மட்டி அருகிவிட்டது. நான் நின்ற சரிவில் இருந்தவை எவை என்று வேலைக்கு நின்ற அக்காவைக் கேட்டேன். “மட்டிதான், தின்னா தெரியும்” என்று ஒரு பழத்தைக் கையில் கொடுத்தார். தின்றேன். அதற்கு மேல் நானும் கேட்கவில்லை.

இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தாய்ப்பாலுக்கு அடுத்து நாவில் படுவது பெரும்பாலும் மட்டிப்பழம். அதனாலேயே மார்கழியிலும் இதற்குக் கேட்பு குறைவதில்லை. மட்டி ஈரமும் மலையடிவாரத்து மிதமான சூடும் கேட்கிற இனம். ஆனால் கொழுகொழுவென்ற தண்டு கிடையாது. குளிரில் வளர்ச்சி மந்தப்பட்டால் ஏத்தனைப் போல் காத்திருந்து ஈடு கட்டாது. குலையையே சிறுக்க வைத்துவிடும். ஒரே சரிவில் காலை வெயில் படுகிற பக்கம் நின்ற குலைக்கும், ரப்பர் நிழலில் பனி உலராமல் நின்ற குலைக்கும் இரண்டு சீப்பு வித்தியாசம் கண்ணுக்குத் தெரிந்தது. நிழல் மட்டும்தான் காரணமா, குளிருமா என்று பிரித்துச் சொல்ல முடியாது. அங்கே இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன.

தமிழ்நாட்டில் உண்மையான குளிர்வாழை பார்க்க வேண்டுமென்றால் பழனி மலைக்கும் சிறுமலைக்கும்தான் போக வேண்டும். விருப்பாட்சியும் சிறுமலை வாழையும் காப்பித் தோட்டத்து நிழலில், ஓராண்டைத் தாண்டியும் அவசரப்படாமல் குலை போடுகிறவை. பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு வேண்டிய நீர் குறைந்த சதை அந்த நிதானத்தில்தான் வருகிறது. அவற்றைச் சரித்தது குளிர் அல்ல, முடிக்கொத்து நோய். அசுவினி பரப்புகிற வைரஸ். நோய்பட்ட கன்றின் கிழங்கிலேயே அது ஒளிந்து வரும். ஆக, கிழங்கு எல்லாவற்றையும் பத்திரமாகக் கொண்டுவருகிறது, வேண்டாததையும் சேர்த்து.

கீரிப்பாறையில் ஓடையைக் கடக்கும் இடத்தில் எதிர்ப்பக்கத்துப் பாறைச் சரிவைக் காட்டினார், அங்கே நின்ற ஜீப் ஓட்டுநர் ஒருவர். மண்ணே இல்லாத வெடிப்பில் ஐந்தாறு வாழைகள். கல்வாழை. வீட்டு வாசலில் சிவப்பு, மஞ்சளாகப் பூக்கிற கல்வாழைச் செடி வேறு. இது மலைக்காட்டு வாழை இனம். அடி பானை போல் உப்பியிருக்கும், மேலே வரவரச் சிறுக்கும். பக்கக்கன்றே விடாது, ஒரு தடவை பூத்து, கொட்டை நிறைந்த காய் காய்த்து, அதோடு செத்துவிடும். அடுத்த தலைமுறை விதையிலிருந்துதான். கொட்டையை நாட்டு வைத்தியர்கள் சிறுநீரகக் கல்லுக்குக் கொடுப்பதுண்டு.

மற்ற வாழைகள் மந்தப்பட மட்டும் செய்கிற இந்த நேரத்தில் இது உறங்கப் போகிறது. வடகிழக்கு மழை ஓய்ந்ததும் இலைகள் கீழிருந்து மஞ்சளித்துத் தொங்கத் தொடங்கும். கோடையில் இலையெல்லாம் உதிர்ந்து, தண்டு சுருங்கி, பாறையில் ஒரு கட்டை ஒட்டிக்கொண்டிருப்பது மட்டும் தெரியும். செத்துவிட்டது என்றே தோன்றும். இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை, இறங்கினால் பதினைந்து நாளில் பச்சை. அது ஒளிவது குளிருக்கு அல்ல, வறட்சிக்கு. நான் பார்த்தபோது அடி இலைகள் இரண்டு மஞ்சளித்திருந்தன. மேலே குருத்து இன்னும் நிமிர்ந்து நின்றது. ஐரோப்பியத் தோட்டங்களில் அலங்காரத்துக்கு வளர்க்கிற சிவப்பிலை எத்தியோப்பிய வாழை இதன் சித்தப்பா பிள்ளை. அதுவும் தானாகப் பக்கக்கன்று விடாது. ஆகையால் குளிரில் கிழங்கு போனால் எல்லாம் போச்சு. அதைத் தோண்டி உள்ளே கொண்டுபோவதில் அங்குள்ளவர்கள் அவ்வளவு மெனக்கெடுவது இதனால்தான்.

திரும்பி வடசேரி வந்து சேரும்போது பதினொன்றரை. கனகமூலம் சந்தையில் வாழைக்குலை மண்டியில் ஏத்தன், பாளையங்கோட்டை, ரசகதலி, பேயன், மொந்தன் எல்லாம் சுவரோரம் சாய்ந்து நின்றன. மட்டிக்குலைகள் மட்டும் கயிற்றில் தொங்கின. கீழே வைத்தால் விரல் உதிரும். பழுக்க வைக்கிற அறையைக் காட்டச் சொன்னேன். இருட்டு, இதமான சூடு, பச்சைக் காயின் மணம். குலைகளுக்கு மேல் சாக்கும் காய்ந்த வாழைச் சருகும் இரட்டையாகப் போர்த்தியிருந்தார்கள். சித்திரையில் ஒரு சாக்கே அதிகம், இப்போது இரண்டு போட்டும் பழம் ஒன்றரை நாள் பிந்துகிறது என்றார் மண்டிக்காரர். காய் பழுக்கும்போது தானே விடுகிற வாயுவும் சூடும் வெளியே போகாமல் பிடித்து வைப்பதுதான் இந்தப் போர்வையின் வேலை. 13 டிகிரிக்குக் கீழே போய்விட்டால் போர்வையும் உதவாது. தோல் சாம்பல் நிறமாகிவிடும், மாவு இனிப்பாக மாறாது. கப்பலில் வாழைக்காய் ஏற்றுகிறவர்கள் குளிரூட்டியை 13, 14 டிகிரியில் நிறுத்தி வைப்பது இதனால்தான்.

“வீட்டுல கொண்டுபோய் பிரிட்ஜில வச்சிட்டு, மறுநாளு கறுத்த பழத்தக் கொண்டு வந்து சண்டெ பிடிக்காங்க” என்றார். “மட்டியெ நாலு சீப்பு வாங்கினா ரெண்டு நாளுல தின்னு தீக்கணும். இல்லேன்னா இந்தா, பாளையங்கோட்டெ கொண்டு போங்கோ. அது ஒரு வாரம் கெடக்கும்.”

மட்டி இரண்டு சீப்பும் பாளையங்கோட்டை ஒரு சீப்பும் வாங்கினேன். விலையில் அவர் இறங்கவில்லை. மார்கழியில் சபரிமலைக்குப் போகிறவர்கள் கூட்டமாம், கேட்பு அதிகமாம்.